அப்துல் ஹமீதின் ஊரும் அவருடைய நினைவிடமும்

1965ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரில் உயிர்நீத்து, நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீதுக்கு இரண்டு நினைவிடங்கள் இருக்கின்றன. ஒன்று, அவர் விழுந்த மண்ணான பஞ்சாபின் அசல் உத்தரில், அவருடைய கல்லறையை ஒட்டி இருப்பது. மற்றொன்று, அவர் 1933இல் பிறந்து வளர்ந்த உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூர் மாவட்டத்துத் தாமுபூரில் இருப்பது. ஒரு வீரரை அவருடைய சொந்த ஊர் எப்படி நினைவில் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வியை இந்த இரண்டாவது நினைவிடமே எனக்குள் எழுப்புகிறது.

தையல் தொழில் செய்தவரின் மகன் அவர். 1954இல் படையில் சேர்ந்து, கிரனேடியர்ஸ் படைப்பிரிவின் நான்காவது பட்டாலியனில் பணியாற்றினார். போர் வந்தபோது அவர் வகித்த பதவி கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். அதாவது, வீரர்களுக்கு உடை, உணவு, தளவாடம் ஆகியவை குறைவின்றிக் கிடைக்கப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. ஆனால் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியைக் கையாள்வதில் அவர் நன்கு தேர்ந்தவர் என்பதால், அந்த நெருக்கடியில் பீரங்கிப் பிரிவை நடத்தும் வேலை அவரிடம் வந்தது.

அவர் கையாண்டது ஜீப்பின் மீது பொருத்தப்பட்ட 106 மி.மீ. ரீகாயில்லெஸ், அதாவது பின்னுதைப்பு இல்லாத, பீரங்கி. சுடும்போது குண்டு முன்னால் பாய, வெடிவாயு பின்பக்கமாகப் பீறிட்டு வெளியேறும். அதனால் பெரிய புழுதி மேகம் ஒன்று கிளம்பி, சுட்டவர் நிற்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஜீப்புக்கோ கவசத் தகடு கிடையாது. ஆகவே ஒரு குண்டைச் சுட்டதும் அந்த இடத்தை விட்டு நகர்ந்து, பயிர்களின் மறைவில் வேறோர் இடம் பார்த்து நின்று, அடுத்த டாங்கி நெருங்கி வரும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். எதிரே வந்தவை அமெரிக்கத் தயாரிப்பான பேட்டன் டாங்கிகள். 1965 செப்டம்பர் 10ஆம் நாள் காலையில், முன்னால் வந்த டாங்கியை அவர் வீழ்த்தினார் என்றும், விரைந்து இடம் மாறி இன்னொன்றை எரித்தார் என்றும், அதற்குள் தம்மைக் கண்டுகொண்ட டாங்கிகள் சரமாரியாகச் சுட்டபோதும் விலகாமல் மேலும் ஒன்றைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தபோதே குண்டு தாக்கி வீழ்ந்தார் என்றும் விருதுக்கான அரசுக் குறிப்பு சொல்கிறது. அப்போது அவருக்கு வயது 32.

பிற்காலத்தில் எழுதியவர்கள், முந்தைய நாட்களின் சண்டையையும் சேர்த்து, அவர் வீழ்த்திய டாங்கிகள் நான்கு என்றும் ஏழு என்றும் எட்டு என்றும் பலவாறாகக் கணக்குச் சொல்கிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னால்தான் பெருமை கூடும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. திறந்த ஜீப்பில் அமர்ந்துகொண்டு, தம் இருப்பிடம் தெரிந்துவிட்ட பிறகும் மூன்றாவது டாங்கியைக் குறிபார்த்தார் என்ற ஒரு செய்தியே போதும். தாமுபூர் நினைவிடத்தில் அந்த விருதுக் குறிப்பு முழுமையாக, இந்தியிலும் உருதுவிலும், வருகிறவர் நின்று படிக்கக்கூடிய அளவில் பொறிக்கப்பட வேண்டும் என்பதே என் விருப்பம். பீரங்கி எப்படி இயங்கியது, வாய்க்கால் நீரைத் திறந்துவிட்டு வயல்களைச் சேறாக்கியதால் டாங்கிகள் எப்படிச் சிக்கின, அந்தப் பொறியை வகுத்து நின்ற நான்காவது மலைப் படைப்பிரிவின் பங்கு என்ன என்பனவும் ஒரு வரைபடத்தோடு அங்கே இருக்கலாம். பள்ளிப் பிள்ளைக்குச் சிலையின் மீசையும் மாலையும் மட்டும் நினைவில் தங்கினால், அவர் செய்த காரியம் என்னவென்றே தெரியாமல் போய்விடும்.

அசல் உத்தர் நினைவிடத்தைப் படையினர் தங்கள் கடமையாகவே போற்றிவருகிறார்கள். ஆண்டுதோறும் நினைவு நாளில் சுற்றுவட்டார மக்களும் அங்கே கூடுகிறார்கள். தாமுபூருக்கு அத்தகைய நிலையான கை வாய்க்கவில்லை. 1966 குடியரசு நாளில், குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனிடமிருந்து கணவரின் விருதைப் பெற்றுக்கொண்ட ரசூலன் பீபி, அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நினைவிடத்துக்காக மனு கொடுக்க வேண்டியிருந்தது. 2011இல் நினைவிடம் புதுப்பிக்கப்பட்டது. 2017 செப்டம்பர் 10 அன்று தரைப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் அந்த ஊருக்கே வந்து மரியாதை செய்தார். ரசூலன் பீபி 2019இல் காலமானார். கணவனை இழந்த ஒரு பெண், தம் முதுமை வரை அரசின் கதவைத் தட்டித்தான் ஊரில் ஒரு நினைவிடம் ஒழுங்காக நிற்க வேண்டும் என்றால், அதை நாம் நன்றி என்று சொல்லிக்கொள்ள முடியுமா என்று மனம் குமுறுகிறது.

2025இல் நடந்தது இன்னும் வேதனையானது. அவர் படித்த தாமுபூர்ப் பள்ளிக்குப் புதிதாகச் சாயம் பூசியபோது, முகப்பிலிருந்த அவருடைய பெயர் இல்லாமற்போய், அரசின் ‘பி.எம். ஸ்ரீ’ பள்ளித் திட்டத்தின் பெயர் எழுதப்பட்டது. குடும்பத்தினர் எதிர்ப்புத் தெரிவித்து, செய்தி நாடெங்கும் பரவிய பிறகே பெயர் மீண்டும் இடம்பெற்றது. பதிவேட்டில் உள்ளபடியே எழுதினோம் என்ற கல்வித் துறையின் விளக்கத்தை நான் நம்பவே தயாராக இருக்கிறேன்; நம்பினால் குறை இன்னும் பெரிதாகிறது. அறுபது ஆண்டுகளாக ஊரார் சொல்லிவரும் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற ஓர் அலுவலர்கூட முன்வரவில்லை என்றல்லவா அதற்குப் பொருள்?

ஆகவே புதிய சிலையோ பெரிய வளைவோ இப்போது தேவையில்லை. பள்ளியின் பெயர் அரசாணையாக வெளிவந்து, கல்வித் துறையின் பதிவேட்டில் ஏற வேண்டும். நினைவிடத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் பராமரிப்புத் தொகை ஒதுக்கி, ஒரு காவலரும் ஒரு தோட்டக்காரரும் நிரந்தரமாக நியமிக்கப்பட வேண்டும். செப்டம்பர் 10க்கு முந்தைய வாரத்தில் மட்டும் புல் வெட்டும் வழக்கம் அதன் பிறகாவது ஒழியும்.