வெளிச்சம் குறையாது, மீன் குறையும்

சனிக்கிழமை எங்கள் மீனவர் கூட்டத்தில் பேச்சு நீண்டது. முழுவதையும் எழுத எனக்குப் பொறுமை இல்லை. "கடல் எல்லோருக்கும் பொது, கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் மாதிரி. பிறகு விசைப்படகோடு உங்களுக்கு என்ன சண்டை?" என்று கேட்டாரே பொருளாதாரம் கற்ற அந்த அன்பர், அதைத்தான் சொல்கிறேன். கைதட்டல் வேறு.

ஐயா, பொது என்பது வேறு, குறையாதது என்பது வேறு. பாம்பன் விளக்கை நூறு படகு பார்த்தாலும் அடுத்த படகுக்கு அது மங்குவதில்லை. என் வலையில் விழுந்த சீலா மீன் உங்கள் வலையில் விழாது. பொருளாதார அறிஞர் சாமுவேல்சன் 1954லேயே எழுதிவைத்த வேறுபாடு இது. விளக்கு குறையாது, மீன் குறையும். குறைவதால்தான் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. விளக்கையும் 61 நாள் அணைத்து வைக்கிறோமா என்ன?

"மீன் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் சொல்கிறதே, அந்தத் தகவல் எல்லோருக்கும்தானே?" என்பீர்கள். ஆமாம். என் மைத்துனரின் கைப்பேசிக்கு வந்த குறிப்பு மற்றவர்களுக்கும் வந்தது, யாருக்கும் தேய்ந்து வரவில்லை. போய்ப் பார்த்தால் அங்கே நாற்பது படகு.

விசைப்படகில் கூலிக்குப் போகிறவனும் ஏழைதான். ஒத்துக்கொள்கிறேன். அதற்குமேல் அதைப் பேச இன்று மனமில்லை.

என் அம்மா கடலில் இறங்கிக் கடற்பாசி எடுத்தவள். விரல்களில் துணிச் சுற்று, முதுகில் சாக்கு. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்கு 12 நாள்தான் இறங்குவது என்று பாசி எடுக்கும் பெண்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஒருமுறை வீட்டில் அரிசி இல்லை. "இன்றைக்கும் போனால் யாருக்குத் தெரியும்?" என்றேன். "நான் இன்றைக்கு அரித்துவிட்டால் வருகிற அமாவாசைக்கு உன் சின்னம்மா எதை எடுப்பாள்?" என்றாள். அன்று கஞ்சிதான்.

பொதுவளத்தை அதை நம்பி வாழ்கிறவர்களே காத்துக்கொள்ள முடியும் என்று காட்டியதற்காகத்தான் எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க ஆய்வாளருக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. அன்பருக்குமா தெரியாது?

நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்பவர்கள் அப்படியே சொல்லிக்கொள்ளட்டும். சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரே ஒரு மைக். முக்கால் மணி நேரம் அது அந்த அன்பர் கையில்தான் இருந்தது. பின்வரிசையில் என் சின்னம்மா, துணிச் சுற்றின் தழும்பு மாறாத கையைத் தூக்கியபடியே நின்றாள்.