கிளீன் ரூமில் பொட்டு கூடாது, சரி. மேடையில்?

பினாங்கின் பாயான் லெப்பாசில் சிப் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். தூசி புகாத கிளீன் ரூமுக்குள் பவுடர், மை, லிப்ஸ்டிக், தலையில் பூ எதுவும் கூடாது. பொட்டையும் எடுத்துவிட வேண்டும். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பவுடர் உதிரும். வியர்வையில் இருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் சிப்பின் அலுமினியப் பட்டைகளை அரிக்கும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். மலாய்த் தோழி துடோங்கை, அதாவது தலைமறைப்புத் துணியை, அங்கிக்குள் செருகிக்கொள்கிறார். தாடி வைத்தவர்கள் தாடிக்கு உறை போடுகிறார்கள். உள்ளே எல்லாரும் வெறும் கண்கள்.

எனக்குக் கோபம் வருவது அந்த அங்கியைக் கழற்றிய பிறகு.

எங்கள் குழுவில் ஒரு தங்கை இருக்கிறாள். சூடேறும்போது மட்டும் பழுதாகிற ஒரு சிப்புக்குக் காரணம் கண்டுபிடித்தவள். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் முன் அதை விளக்க அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒத்திகை பார்க்க வந்த பேச்சுப் பயிற்சியாளர் அந்தப் பழுதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பொட்டு வேண்டாம், பஞ்சாபி சூட் வேண்டாம், கையை ஆட்டாதே, சிரிப்பைக் குறை. அவளோடு பேசவிருந்த இரண்டு ஆண்களுக்கு "நேரத்தைக் கவனியுங்கள்" என்பதோடு சரி.

"அக்கா, இதில் எது சிப்புக்குக் கெடுதல்?" என்று கேட்டாள்.

2012இல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கிய இரவு, நாசா கட்டுப்பாட்டு அறையில் இருந்த பொறியாளர் பொபாக் பெர்தோசியின் தலைமுடியை உலகமே கொண்டாடியது. இருபுறமும் மழித்து, நடுவில் மட்டும் முடியை நிறுத்தி, பக்கவாட்டில் நட்சத்திரங்கள் செதுக்கிய தலை. அவருடைய பொறியியலை யாரும் சந்தேகப்படவில்லை. 2014இல் மங்கள்யான் செவ்வாயை அடைந்தபோது, பட்டுப்புடவையும் தலையில் பூவுமாக இஸ்ரோ பெண்கள் மகிழ்ந்த படம் எங்கும் பரவியது. படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவினர் என்று இஸ்ரோ பிறகு விளக்கியது. "அதானே பார்த்தேன்" என்று எவ்வளவு பேருக்கு நிம்மதி! ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் போன்றவர்கள் அந்தத் திட்டத்தில் பொறுப்பான பதவிகளில் இருந்தவர்கள் என்பதைத் தேடிப் படித்தவர்கள் குறைவு.

மலேசியாவில் ஆய்வாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். உலக அளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே "பெண்கள்தான் வந்துவிட்டார்களே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்கள் இங்கே அதிகம். எண்ணிக்கையைப் பற்றி நான் பேசவே இல்லை. 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்தபோதே பெண்கள் வந்துவிட்டார்கள். மலாய், சீன, இந்திய என மூன்று இனத்துப் பெண்களும் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டினார்கள். கீழை நாட்டுப் பெண்ணின் கைகள் சிறியவை, வேகமானவை என்று அந்தக் காலத்து அரசு முதலீட்டுக் கையேடு புகழ்ந்தது. அன்று கைகள் மட்டும் போதுமாயிருந்தன. இன்று மூளையும் வேண்டும், ஆனால் அது யாருடைய மூளை என்று பார்த்தால் தெரியக்கூடாது!

நம் வீடுகளும் சளைத்தவை அல்ல. அதே பயிற்சியாளரின் குரலில் "நேர்முகத் தேர்வுக்குப் பூ வைத்துக்கொண்டு போகாதே" என்கிறோம். முடியைக் குட்டையாக வெட்டி, பொட்டில்லாமல் வரும் இன்னொரு தோழி எங்கள் ஆய்வகத்தின் எலெக்ட்ரான் நுண்ணோக்கியைக் கட்டி மேய்ப்பவள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் ஓர் அத்தை அவளை நிறுத்தி, "இது என்ன கோலம்?" என்றார். பொட்டு வைப்பவளுக்கு அலுவலகத்தில் திட்டு, வைக்காதவளுக்குக் கோயிலில் திட்டு. இருவரில் யாரிடமும் வேலை எப்படிப் போகிறது என்று கேட்ட ஆளில்லை.

அடுத்த ஒத்திகையில் நானும் உட்காருவேன் என்று மேலாளருக்கு எழுதிவிட்டேன். முதலில் ஆய்வைப் பற்றிய கேள்விகள். உடை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதை எழுத்தில், காரணத்தோடு, ஆண்களுக்கும் சேர்த்துத் தரட்டும்.