எல்லாம் புதுசுதானாமே!

சியோலில் எங்கள் குழு முப்பது பேர். காலை ஒன்பது மணிக்கு பஸ் ஏறினால் இரண்டு அரண்மனை, ஒரு பழைய தெரு, நடுவில் சாப்பாடு. மாலை ஐந்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். கைடு கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடினார், நாங்கள் பின்னால் ஓடினோம். அதில் எனக்குப் புகார் இல்லை, கும்பலாகப் போனால் அப்படித்தான். கடுப்பேற்றியது வேறு.

கியோங்போக்குங் அரண்மனை வாசலில் கைடு "1395-இல் கட்டியது" என்றதும் எல்லோரும் வாயைப் பிளந்தோம். பத்து நிமிடம் கழித்து அவரே மிச்சக் கதையையும் சொன்னார். 1592-இல் ஜப்பான் படையெடுப்பின்போது எரிந்து, இருநூற்றெழுபது வருஷம் பாழாகக் கிடந்து, 1860-களில் திரும்பக் கட்டியதாம். அதிலும் பெரும்பகுதியை ஜப்பான் ஆட்சியில் இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பதில் நிறைய 1990-க்கு அப்புறம் எழுப்பியவை.

அவ்வளவுதான். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், "அப்போ எல்லாம் டூப்ளிகேட்டா? எங்க வீட்டுத் திண்ணை இதைவிடப் பழசு சார்" என்றார். ஒரே சிரிப்பு. அதற்குப் பிறகு யாரும் எதையும் நின்று பார்க்கவில்லை. ஹன்போக் என்ற கொரியப் பாரம்பரிய உடையை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு செல்ஃபிதான். (அதைப் போட்டிருந்தால் 3,000 வொன் டிக்கெட் மிச்சம். அந்தக் கணக்கு மட்டும் எல்லோருக்கும் உடனே புரிந்தது.)

ராணியின் மாளிகையான கியோதேஜியோனுக்குப் பின்புறம் படிப்படியாகக் கல் கட்டிய ஒரு சின்ன மேடு இருக்கிறது. ஆமிசான் என்று பெயர். செடிகளுக்கு நடுவே ஆறு பட்டையில் நான்கு செங்கல் தூண்கள். பட்டைகளில் மான், கொக்கு, வௌவால், பூங்கிளை என்று வேலைப்பாடு. தலையில் குட்டியாக ஓட்டுக்கூரை வேறு. அலங்காரத்துக்கு வைத்தது என்றுதான் நினைத்தேன். பார்த்தால், புகைபோக்கி! கொரிய வீடுகளில் வெளியே அடுப்பு மூட்டி, சூட்டையும் புகையையும் தரைக்கல்லுக்கு அடியில் ஓடவிடுவார்கள். ஓந்தோல் என்பது அதுதான். அறையைச் சூடாக்கிய புகை மண்ணுக்குள்ளேயே போய், கொல்லையில் இந்தத் தூண்கள் வழியாக வெளியேறும். புகை போகும் வழிக்கு மான் செதுக்கிய மனுஷனை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

இந்தப் புகைபோக்கிகள் 1860-களைச் சேர்ந்தவை. முன்னால் நிற்கும் மாளிகை 1995-இல் கட்டியது. நடுவில் என்ன ஆனது? 1917-இல் பக்கத்து சாங்தியோக்குங் அரண்மனையில் தீப்பிடித்து உள்கட்டு எரிந்துபோனது. நாட்டை 1910-லேயே ஜப்பானிடம் பறிகொடுத்த கடைசி மன்னர் சுன்ஜோங் அங்கேதான் குடியிருந்தார். அதைச் சரிசெய்ய, இங்கே இருந்த ராஜா மாளிகையையும் ராணி மாளிகையையும் பிரித்து மரத்தை அங்கே கொண்டுபோய்விட்டார்கள். முக்கால் நூற்றாண்டுக்கு வீடே இல்லாமல் புகைபோக்கி மட்டும் நின்றிருக்கிறது.

மதியம் சாங்தியோக்குங்கில் அந்த மரத்தையும் பார்த்தோம். ஹுயிஜோங்தாங் என்ற கட்டடம். முகப்பில் கார் வந்து நிற்க ஒரு போர்ட்டிகோ, உள்ளே கம்பளம், தொங்கும் மின்விளக்கு. கியோங்போக்குங்கில் ராஜா படுத்துறங்கிய மாளிகையைப் பிரித்துக் கொண்டுவந்த மரத்தில் எழுப்பியது. மரம் பழசு, இடம் வேறு, உருவம் வேறு. கியோங்போக்குங்கில் இடம் பழசு, உருவம் பழசு, மரம் மட்டும் புதுசு. இரண்டில் எது ஒரிஜினல் என்று அந்தப் பெரியவரைக் கேட்டேன். "தம்பி, முதல்ல ஒரு காபி சொல்லுங்க" என்றார்.

அசல்தான் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொன்று. கியோங்போக்குங்கின் சிம்மாசன மண்டபத்தை மறைத்தபடி 1926-இல் ஜப்பானிய ஆட்சியாளர்கள் பிரம்மாண்டமான கருங்கல் தலைமையகம் ஒன்றைக் கட்டினார்கள். அசலான, கெட்டியான, காலத்துக்கும் நிற்கக்கூடிய கட்டடம். பின்னால் அதிலேயே தேசிய அருங்காட்சியகமும் நடந்தது. விடுதலையின் ஐம்பதாவது ஆண்டு நாளில், 1995 ஆகஸ்ட் 15 அன்று, கூரை உச்சியைக் கழற்றி இடிக்கத் தொடங்கினார்கள். அதுவும் சரித்திரம்தானே, இடிக்கலாமா என்று அங்கேயே பெரிய விவாதம் நடந்தது. இடித்தது சரி என்பதுதான் என் கட்சி. அந்த அசலை அகற்றிவிட்டுத்தான் இந்த 'டூப்ளிகேட்டை' மீட்டார்கள். எரித்தவனையும் இடித்தவனையும் விட்டுவிட்டு, திரும்பக் கட்டியவனைப் பார்த்துச் சிரிப்பது என்ன நியாயம்?

கடைசியாக புக்சோன். ஓட்டு வீடுகள் வரிசையாக இறங்கும் அழகான சரிவுத் தெரு. அறுநூறு வருஷப் பழசு என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் பெரும்பாலான வீடுகள் 1920, 30-களில் பெரிய மனைகளைத் துண்டு போட்டுக் கட்டி விற்றவை, அதாவது அந்தக் காலத்து வீட்டுமனைத் திட்டம். இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். முக்கியமான சந்துகளில் மாலை ஐந்துக்கு மேல் சுற்றுலாக்காரர் நின்றால் 1 லட்சம் வொன் அபராதம். நாங்கள் போனதே நாலரைக்கு. சத்தம் போடாதீர்கள் என்ற பலகைக்குக் கீழே நின்று எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதை இங்கே விவரிக்க வேண்டாம்.

ராத்திரி ஹோட்டலில் அந்தப் பெரியவர் கதவைத் தட்டினார். "அந்தப் புகைபோக்கி போட்டோ இருந்தா வாட்ஸ்அப்ல போடுங்க தம்பி, வீட்டுல காட்டணும்." தேடினேன். இருந்தது ஒன்றே ஒன்று. அதிலும் பாதியை அவருடைய தொப்பி மறைத்திருந்தது.