அது அடை அல்ல

சனிக்கிழமை இரவு மொட்டைமாடியில் நடந்தது இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நம் குடியிருப்புக் கூட்டத்துக்கு நான் வீட்டில் செய்து கொண்டுவந்த பலகாரத்தைப் படமெடுத்து, "சீஸ் அடை" என்று குழுவில் போட்டுச் சிரித்தீர்கள். அந்தப் படத்தையும் அதன் கீழ் வரிசையாக விழுந்த சிரிப்புப் பொம்மைகளையும் நான் மறுபடி எடுத்துப் போடப் போவதில்லை. இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். இன்று காலை பால் வாங்கப் போன இடத்திலும் ஒருவர், "என்ன அக்கா, இன்றைக்கும் சீஸ் அடையா?" என்று கேட்டார். அதற்குமேல் முடியவில்லை.

அது அடை அல்ல. பீட்சா.

அடையைக் குறைத்துச் சொல்லவில்லை. என் மாமியார் வார்க்கும் அடைக்கு நான் இன்றும் தட்டை நீட்டுகிறவள். ஆனால் அடை என்பது அரிசியையும் பருப்பையும் ஊறவைத்துக் கொரகொரவென்று அரைத்துக் கல்லில் வார்ப்பது. அந்த மாவு இழுபடாது, இழுபட வேண்டியதும் இல்லை. பீட்சாவுக்கு உயிரே அந்த இழுவைதான். கோதுமையில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து வலைபோலப் பின்னிக்கொண்டால்தான் ஈஸ்ட் விடும் காற்று உள்ளே தங்கும், ஓரம் உப்பும். கேலிதான் செய்ய வேண்டுமென்றால் பரோட்டா என்றாவது சொல்லியிருக்கலாம். அதே மைதா, அதே பிசைதல், அதே ஊறவைத்தல். பரோட்டா மாஸ்டர் உருண்டையை வீசி விரிக்கும்போது அதன் வழியே மேசை தெரியுமே, அந்தப் பதம் வந்ததா என்றுதான் நானும் ஒரு துண்டு மாவை இரண்டு கைகளாலும் விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். கிழியாமல் வெளிச்சம் தெரிந்தால் நிறுத்துவேன். கிழிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் பிசைய வேண்டும்.

சனிக்கிழமை இரவு நீங்கள் பார்த்த அந்த நான்கு பீட்சாவுக்கு வெள்ளிக்கிழமை இரவே பிசைந்தாயிற்று. அரை கிலோ மைதா, 320 மில்லி கேன் தண்ணீர், அதுவும் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்தது, 10 கிராம் உப்பு, ஒரே ஒரு கிராம் ஈஸ்ட். ஏன் குளிர்ந்த தண்ணீர் என்றால், நாம் இருப்பது சென்னை. நான் முதன்முதலில் முயன்றது ஒரு மே மாதம். புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்கு ஈஸ்ட் போட்டு, மூடிவைத்துவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்து கிடந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சமையலறை முழுக்கக் கள் வாடை. ஃபிரிட்ஜில் இரவு முழுக்க மெதுவாகப் புளிக்கவிட்டால்தான் இந்த ஊரில் மாவு நம் பேச்சைக் கேட்கும் என்று தெரிய எனக்கு மூன்று கோடைகள் ஆயின.

"வீட்டு ஓவனில் உண்மையான பீட்சா வராது" என்று ஒருவர் குழுவில் பெரிய விளக்கம் எழுதியிருந்தார். பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். பீட்சாவுக்குப் பேர்போன இத்தாலிய நகரமான நேப்பிள்ஸில் விறகடுப்பு 485 டிகிரி வரை காயும், 60 முதல் 90 விநாடிக்குள் பீட்சா வெந்துவிடும். என் ஓவன் 250-ஐத் தாண்டாது. அதனால் கைப்பிடி இல்லாத கனமான இரும்பு தோசைக்கல்லை உள்ளே வைத்து, முக்கால் மணி நேரம் காயவிட்டு, அதன்மேல்தான் போடுகிறேன். எட்டு நிமிடம் ஆகும். ஓரத்தில் அவர்களுக்கு வரும் கரும்புள்ளிகள் எனக்கு வருவதில்லை. ஆனால் அடிப்பக்கம் மொறுமொறுப்பாக வருகிறது, ஓரம் உப்புகிறது, உள்ளே துளை துளையாக இருக்கிறது. நேப்பிள்ஸ்காரர் யாராவது குறை சொன்னால் கைகட்டிக் கேட்டுக்கொள்வேன். அந்த ஊரில் மாவு விரிப்பவர்களின் கைவேலையை 2017-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே மாவு விரிக்கும் கைக்கு அவ்வளவு மரியாதை. இங்கே அதே வேலையைச் செய்தவளுக்குச் சிரிப்புப் பொம்மை.

மைதா உடம்புக்கு ஆகாது என்பவர்களுக்கு ஒரே பதில். அன்று பக்கத்து மேசையில் கடையிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய பீட்சாவும் மைதாதான்.

"விளையாட்டாகச் சொன்னதற்கு இவ்வளவு கோபமா?" என்பீர்கள். கோபம் இல்லை. வலிக்கிறது.

2009-இல் என் மகன் எட்டாம் வகுப்பு. வகுப்புத் தோழன் ஒருவன் பிறந்தநாளுக்குப் பீட்சா கடைக்குக் கூட்டிப்போனான் என்று வந்து சொன்னான். தன் பிறந்தநாளுக்கும் கேட்டான். அந்த மாதம் வீட்டு வாடகையே பாக்கி. ரொட்டித் துண்டில் தக்காளி சாஸ் தடவி, சீஸைத் துருவிப் போட்டு, தோசைக்கல்லில் மூடிவைத்துக் கொடுத்தேன். "நன்றாக இருக்கிறது அம்மா" என்று சொல்லிவிட்டு ஓரத்தை மட்டும் தட்டிலேயே விட்டுவிட்டான். அந்த ஓரங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. அவனுக்காகக் கற்றுக்கொண்ட வேலை இது. சனிக்கிழமை அவனும் மாடியில் இருந்தான். நீங்கள் சிரித்தபோது தண்ணீர்த் தொட்டியின் பக்கம் நின்று ஆறிப்போன இரண்டு துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தான். ஓரம் உட்பட.

"ஆர்டர் போட்டால் அரை மணியில் வந்துவிடும், உங்களுக்கு எதற்கு அக்கா இந்த வேலை?" என்ற செயலாளர் தம்பிக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இட்லி மாவு யார் அரைக்கிறார்கள்? அதுவும் பாக்கெட்டில் கிடைக்கிறதே. ஊறவைத்து, கழுவி, அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, பொங்கி வழியுமோ என்று நடு இரவில் எழுந்துபோய்ப் பார்க்கிறார்களே, அவர்களிடமும் இப்படித்தான் கேட்பீர்களா? கேட்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். கடையிலிருந்து வந்ததற்கு ரசீது இருக்கிறது, அதனால் அதற்கு மதிப்பு. எங்கள் கையில் ரசீது இல்லை. ஆளுக்கொரு பெயர் வைத்துச் சிரிக்கலாம், அப்படித்தானே?

அன்று ஒரே ஒருத்திதான் சரியான கேள்வி கேட்டாள். மூன்றாவது மாடிச் சிறுமி. மேலே கிடந்த இலையை எடுத்து, "இது துளசியா பாட்டி?" என்றாள். துளசிக்குச் சொந்தம், ஆனால் இது திருநீற்றுப்பச்சிலை, சப்ஜா விதை தரும் செடி, இத்தாலிக்காரர்கள் பீட்சாவில் போடுவது இந்த இனத்தைத்தான் என்றேன். கசக்கி முகர்ந்துவிட்டு, செடியைக் காட்டச் சொன்னாள். மறுநாள் காலையே செடித் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பலகாரப் பட்டியலில் என் பெயரைப் போட வேண்டாம். எதுவும் கொண்டுவர மாட்டேன். மூன்றாவது மாடிக்காரர்கள் மட்டும், வரும் ஞாயிறு பத்து மணிக்குப் பெண்ணை அனுப்பிவைக்கட்டும். பெங்களூர்த் தக்காளி வாங்கி வைக்கிறேன். நாட்டுத் தக்காளி நீர்விட்டு மாவை நனைத்துவிடும். அவளுக்கான உருண்டையையும் சேர்த்து நான்தான் பிசைந்து வைப்பேன், விரிப்பது அவள் கை.