நாலாம் சுற்றில் கீப்பரை எடுத்தால் குடியா முழுகிவிடும்?

நேற்றைய கமெண்ட் சண்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் அணிகள் வருடாவருடம் இளம் ஆட்டக்காரர்களை ஏழு சுற்றில் வரிசையாக எடுக்கும் ட்ராஃப்டைப் பற்றிய சண்டை அது. ஸ்கேட்டர் என்றால் கீப்பர் தவிர்த்த ஆட்டக்காரர். "நடுச் சுற்றில் கோல்கீப்பரை எடுக்கிறது காசைக் கரியாக்கிற வேலை, ஒரு ஸ்கேட்டரை எடுத்திருக்கலாம்" என்று ஒரு அண்ணன் எழுத, அதற்கு அத்தனை லைக். சரி, போடுங்கள். ஆனால் கொஞ்சம் கணக்கையும் பாருங்கள்.

2022 முதல் 2025 வரை என்ஹெச்எல்லின் சிறந்த கீப்பருக்கான வெசினா ட்ராஃபி யாருக்குப் போனது? ஷெஸ்டர்கின், நாலாம் சுற்று. உல்மார்க், ஆறாம் சுற்று. பிறகு இரண்டு வருடமும் ஹெல்லபக், ஐந்தாம் சுற்று, 130ஆவது ஆள். பதினெட்டு வயதில் ஒரு கீப்பர் பின்னாளில் என்ன ஆவான் என்று எந்த ஸ்கவுட்டாலும் அடித்துச் சொல்ல முடியாது. 2014இல் எடுத்த ஷெஸ்டர்கின் தன் அணியான ரேஞ்சர்ஸுக்காக முதல் மேட்ச் ஆடியதே 2020 ஜனவரியில்தான். இப்படித் தெரியாத ஒன்றுக்கு முதல் சுற்றைக் கொடுப்பதுதான் வீண், நாலாம் சுற்றைக் கொடுப்பது இல்லை. 2000இல் ஐலண்டர்ஸ் அணி முதல் ஆளாகவே டிபியட்ரோ என்ற கீப்பரை எடுத்தார்கள். ஆனால் பின்னாளில் பெரிய கீப்பரானவர் அதே ட்ராஃப்டில் 205ஆவதாகப் போன லுண்ட்க்விஸ்ட்.

உடனே, பின்னால் எடுத்தும் ஜொலித்த ஸ்கேட்டர் என்று பிரேடன் பாயிண்டைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். 2014இல் 79ஆவது, உண்மைதான். அதற்கு முந்தைய இடத்தில், 78ஆவதாகப் போனவர் யார்? சொரோகின். கீப்பர்! பாயிண்டிடம் இரண்டு ஸ்டான்லி கப், அதாவது லீக்கின் சாம்பியன் கோப்பை, இருக்கிறதே என்றால், அவருக்குப் பின்னால் வலையில் நின்றது வாசிலெவ்ஸ்கி. அவர் முதல் சுற்று ஆள் என்று இப்போது இழுக்காதீர்கள், அது வேறு கதை.

ஒரு மேட்சுக்குப் பதினெட்டு ஸ்கேட்டர் வேண்டும், கீப்பர் இரண்டு பேர் போதும் என்கிறீர்கள். ஆமாம், அதனால்தான் வருடத்துக்கு ஒருவரை எடுத்தால் போதும் என்கிறேன், ஏழு சுற்றிலும் எடுக்கச் சொல்லவில்லையே.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், என் மகள் டொராண்டோவின் ஸ்காபரோவில், பிள்ளைகள் ஆடும் ஒரு உள்ளூர் ஹவுஸ் லீக்கில் கீப்பர். விடியற்காலையில் லாக்கர் அறையின் ரப்பர் தரையில் முட்டி போட்டு அவள் கால் பேடின் பட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டுவது நான்தான். ஜெயித்தால் கோல் போட்ட பிள்ளையின் அப்பா படம் எடுப்பார், தோற்றால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். காபி மெஷின் பக்கத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே "அடுத்த சீசன் அவளை முன்னால் ஆட விடலாமே" என்றார். அன்பாகத்தான் சொன்னாராம். எதிரணி அடித்த பக் (ஹாக்கி வட்டு) அவள் முகமூடியில் பட்டு எகிறியதை அவர் பார்க்கவே இல்லை.

அப்புறம் அந்தக் கடைசி கமெண்ட், "உங்களுக்கு கிரிக்கெட்டே போதும் அண்ணை". தம்பி, 2006இல் எங்கள் டொராண்டோ அணி மேப்பிள் லீஃப்ஸ், ராஸ்க் என்ற இளம் கீப்பரைக் கொடுத்து ரேக்ராஃப்ட் என்ற கீப்பரை வாங்கியபோதே நான் டிவியைப் பார்த்துக் கத்தியவன். அந்த ராஸ்க் 2014இல் பாஸ்டனுக்காக வெசினா வாங்கினார். நாங்கள் கடைசியாக ஸ்டான்லி கப் ஜெயித்த 1967ஐச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஹாக்கி பேச எனக்கு யாரும் விசா தரத் தேவையில்லை.

2012இல் ஹெல்லபக்குக்கு முன்னால் 129 பேர் போனார்கள். 2025இல் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் ட்ராஃபியும் அவருக்குத்தான். அந்த 129 பேரில் அதை வாங்கிய ஒரே ஒரு ஸ்கேட்டர் பெயரைச் சொல்லிவிட்டு மிச்சத்தைக் கமெண்டில் போடுங்கள்.