வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன?

லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவர் போடுவது கஷ்டம் என்று புலம்ப வரவில்லை. கஷ்டம் பழகிவிட்டது. டெர்மினலில் நாலு வரி அடித்தால் கை ஒன்றும் தேய்ந்துவிடாது. என் எரிச்சல் எல்லாம், சொதப்பும்போது இந்தச் சிஸ்டம் வாயையே திறப்பதில்லை என்பதில்தான்.

லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்கு அப்டேட் வந்தது, போட்டேன். கடைசி வரிவரை எல்லாம் சுபமாக முடிந்த மாதிரிதான் இருந்தது. ரீஸ்டார்ட் செய்தால் லேப்டாப் திரை வருகிறது, மேசைமேல் இருக்கும் பெரிய மானிட்டர் மட்டும் 'நோ சிக்னல்' என்று மிதக்கிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால் அங்கே ஒரே ஒரு திரைதான். நேற்றுவரை இன்னொன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டியாயிற்று, மானிட்டரை அணைத்துப் போட்டாயிற்று. பாவம், அவை என்ன செய்யும்? இந்த மாதிரி லேப்டாப்கள் பலவற்றில் எச்டிஎம்ஐ போர்ட்டைத் தனி கிராபிக்ஸ் கார்டோடுதான் இணைத்திருப்பார்கள். அந்தக் கார்டுக்கு டிரைவர் ஏறவில்லை என்றால் போர்ட்டும் செத்த மாதிரிதான்.

ஏன் ஏறவில்லை? சிஸ்டம் எழுதி வைக்கும் பதிவேடான லாகைத் தோண்டினால்தான் தெரிகிறது. புதுக் கெர்னல் இறங்கிவிட்டது, அதற்கேற்ப டிரைவரைக் கட்டத் தேவையான ஹெடர் கோப்புகள் இறங்கவில்லை. வெளியிலிருந்து போட்ட டிரைவரை ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகக் கம்பைல் செய்து, அதாவது ஓடுகிற வடிவத்துக்கு மாற்றித் தருவது டிகேஎம்எஸ் என்ற கருவியின் வேலை. ஹெடர் இல்லாமல் அது எப்படிச் செய்யும்? செய்யவில்லை. சரி, அதையாவது சொன்னதா என்றால், சொன்னதாம்! கடகடவென்று ஓடிய வரிகளுக்கு நடுவே ஒற்றை வரியில் முனகிவிட்டுப் போயிருக்கிறது. "புதுக் கெர்னலில் உன் டிரைவர் இல்லை, இப்போது ரீஸ்டார்ட் செய்யாதே" என்று கடைசியில் கொட்டை எழுத்தில் போட என்ன கேடு?

ஹெடரைப் போட்டுக் கம்பைல் செய்தால் அடுத்த ஆள் செக்யூர் பூட், பூட் ஆகும்போது கையொப்பம் சரிபார்க்கும் காவல்காரன். கையொப்பம் இல்லாத டிரைவர் மாட்யூலைக் கெர்னல் உள்ளே விடாது. அதற்கு ஒரு சாவி உருவாக்கி மெஷினில் பதிய வேண்டும். நடுவில் ஒரு பாஸ்வேர்ட் கேட்கும், எதற்கு என்று மனிதனுக்குப் புரிகிற மாதிரி சொல்லாது. அடுத்த பூட்டில் நீலத் திரை ஒன்று வரும். ஏதாவது ஒரு கீயை அழுத்து, பத்து விநாடி தருகிறேன் என்னும். அந்த நேரம் பார்த்து டீ எடுக்கப் போனீர்களா, தீர்ந்தது. சாவியைப் பதியாமலே பூட் ஆகிவிடும், மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். சரியாக அழுத்தினாலும் மெனுவில் முதலில் உட்கார்ந்திருப்பது 'கன்டினியூ பூட்'. யார் விரலும் முதலில் அதற்குத்தான் போகும். நாம் எடுக்க வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் 'என்ரோல் மோக்'. மோக் என்றால் மெஷின் ஓனர் கீ, நாம் உருவாக்கிய அந்தச் சாவிதான் என்று அங்கே யார் சொல்வது?

இதில் அறிவுரை சொல்ல வருகிறவர்கள் வேறு. எதற்கெடுத்தாலும் பூட் கட்டளையில் 'நோமோட்செட்' போடுங்கள் என்பார்கள். அதைப் போட்டால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த உள் கிராபிக்ஸின் டிரைவரும் ஏறாது, லேப்டாப் திரையும் மங்கலாகப் பல்லிளிக்கும். அது பூட் ஆகவே ஆகாத மெஷினுக்கான தற்காலிக வைத்தியம், வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று ஒருத்தராவது சொல்ல வேண்டுமே! இன்னொரு கோஷ்டி, பழைய எக்ஸ் திரை அமைப்புக்கான 'எக்ஸ்ஆர்க் கான்ஃப்' கோப்பை எழுதச் சொல்லும். அதற்குப் பதிலாக வந்த வேலண்டில் ஓடுகிற டெஸ்க்டாப் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

மேலிடத்துச் சண்டை தனி. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு முறை புதுக் கெர்னல் வருகிறது. டிரைவர்கள் ஒட்டிக்கொள்ளும் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருக்க மாட்டோம், டிரைவரை எங்கள் மூலநிரல் மரத்துக்குள்ளேயே கொண்டு வாருங்கள் என்பது கெர்னல்காரர்களின் கொள்கை. கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா ஹார்ட்மன் அதை விளக்கி எழுதிய ஆவணமே கெர்னல் மூலநிரலோடு வருகிறது. நியாயமான வாதம்தான், மறுக்கவில்லை. கார்டு செய்கிறவர்களில் சிலரோ பல வருடம் நிரலைப் பூட்டி வைத்திருந்தார்கள். 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்படி ஒரு நிறுவனத்தைப் பார்த்து நடுவிரலைக் காட்டியபோது நாமெல்லாம் விசிலடித்தோம். அந்த விரலால் என் எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு என்ன லாபம்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது நம் நிலைமைதான்.

"அண்ணே, பேசாம விண்டோஸ் போட்டுக்கலாம்ல?" என்கிறான் பக்கத்து சீட்டுத் தம்பி. டேய், மாற எனக்கு இஷ்டமில்லை. ஹெடர் இல்லை என்று தெரிந்த பிறகும் அப்டேட்டை ஏன் நிறுத்தவில்லை என்றுதான் கேட்கிறேன். பழைய கெர்னலை வைத்துக்கொள்ளவா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் காலை நேரம் மிஞ்சியிருக்கும்.

இப்போதைக்கு இரண்டு திரையும் வருகின்றன. மூடியை மூடித் திறந்தால் பெரிய திரை மறுபடி போய்விடுகிறது. லாகைப் பார்த்தேன். இந்த முறை அந்த முனகல்கூட இல்லை.