ஸ்டீயரிங் இடப்பக்கமே இருக்கட்டும்

சேலத்தில் என் வண்டியைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் ஒரே ஆலோசனையைத்தான் சொல்கிறார்கள்: "அருமையான வண்டி. ஸ்டீயரிங்கை மட்டும் வலப்பக்கம் மாற்றிவிடுங்கள்." அன்போடும் அக்கறையோடும்தான் சொல்கிறார்கள். மாற்றக் கூடாது என்பது என் பதில். நின்ற இடத்தில் இரண்டு நிமிடத்தில் அதை விளக்க முடிவதில்லை என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். இடப்பக்க ஸ்டீயரிங் வண்டி வாங்க நினைக்கும் தம்பிகள் முழுவதும் படியுங்கள்.

வண்டி 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங். 289 கன அங்குல வி8 என்ஜின். நம் கணக்கில் ஏறத்தாழ 4.7 லிட்டர். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான அதே முதல் தலைமுறை. அந்தக் காலத்தில் தூதரக அதிகாரிகள் கொண்டுவந்த கார்களை மத்திய அரசு நிறுவனமான ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வாங்கி விற்கும் வழக்கம் இருந்தது. அப்படி விற்கப்பட்டு, மெட்ராஸில் பதிவாகி, சில கைகள் மாறி என்னிடம் வந்தது.

மஸ்டாங்கைத் தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்குடன் செய்யத் தொடங்கியது 2015இல் வந்த ஆறாம் தலைமுறையில்தான். அதுதான் 2016இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இன்னொரு அமெரிக்க காரான செவர்லே கார்வெட் இன்னும் தாமதம்: 1953 முதல் ஓடும் அந்தப் பெயரில், 2020இன் எட்டாம் தலைமுறைக்குத்தான் வலப்பக்க ஸ்டீயரிங் கிடைத்தது. ஆனால் அமெரிக்க வண்டி என்றாலே இடப்பக்கம்தான் என்றும் எண்ணிவிடக் கூடாது. சுதந்திரத்துக்கு முன்பு நம் ஊர்களில் ஓடிய ஃபோர்டு கார்கள் பல, கனடாவிலிருந்து வலப்பக்க ஸ்டீயரிங்குடன் வந்தவை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு வண்டி அனுப்பும் பொறுப்பு கனடா ஃபோர்டிடம் இருந்தது. மெட்ராஸிலேயே அவற்றைப் பூட்டி முடித்த தொழிற்சாலை 1950களின் தொடக்கம்வரை இயங்கியது. அப்படிப் பிறந்த வண்டிக்கு வலப்பக்கம்தான் இயல்பு. என் வண்டி அப்படிப் பிறக்கவில்லை.

மாற்றுவது என்றால் என்ன என்று பட்டறைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்டீயரிங் கியர்பெட்டி இடப்பக்கச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், பெடல்கள், டேஷ்போர்டு எல்லாம் அதை ஒட்டியே அமைந்தவை. என்ஜினுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் தகட்டை ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் ஒட்டுப்போட வேண்டும். மஸ்டாங்குக்கு லாரிபோலத் தனிச் சேசிஸ் கிடையாது, உடலே சட்டம். வெட்டும் ஒவ்வொரு தகடும் வண்டியின் பலத்தில் கைவைக்கிறது. மலிவான வழி ஒன்றும் சொல்கிறார்கள்: பழைய கியர்பெட்டியை இடத்திலேயே விட்டுவிட்டு, வலப்பக்கம் ஒரு ஸ்டீயரிங் வைத்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் சங்கிலி ஓட்டி இரண்டையும் இணைப்பது. அந்தச் சங்கிலியை நம்பி ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் என் குடும்பத்தை ஏற்றமாட்டேன்.

ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனமே 1965, 66 வாக்கில் சிட்னி ஹோம்புஷ் தொழிற்சாலையில் சுமார் 200 மஸ்டாங்குகளை வலப்பக்கம் மாற்றி விற்றது. அங்கே பொறியாளர்களும் புதிய பாகங்களும் இருந்தன. அதே ஆஸ்திரேலியாவில் இன்று 30 ஆண்டு கடந்த வண்டிகள் பெரும்பாலான மாநிலங்களில் இடப்பக்க ஸ்டீயரிங்குடனே ஓடலாம். ஜப்பானும் நம்மைப்போல் இடப்பக்கம் செல்லும் நாடுதான். அங்கும் இடப்பக்க ஸ்டீயரிங்குக்குத் தடையில்லை. நம் சட்டமும் அப்படியே: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 120 இடப்பக்க ஸ்டீயரிங்கை முற்றாகத் தடை செய்யவில்லை, விதிப்படியான சைகைக் கருவி பொருத்தி, அது வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. மாறாக, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத்தான் பிரிவு 52 கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

ஆக, வெட்டி மாற்றுவதுதான் சட்டத்துக்கும் வண்டிக்கும் விரோதம். ஆனால் அப்படியே ஓட்டிவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. உண்மையான ஆபத்துகள் வேறு இடங்களில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் விளக்கு. வலப்பக்கம் செல்லும் நாட்டுக்காகச் செய்த ஹெட்லைட் டிம் போட்டாலும் வலப்பக்கம் தூக்கியே அடிக்கும். அங்கே வலப்பக்கம் என்பது சாலை ஓரம். மைல்கல்லும் நடப்பவரும் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. இங்கே வலப்பக்கம் எதிரே வருபவரின் கண். நாம் டிம் போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்போம். எதிரே பைக்கில் வருபவருக்குப் பாதையே தெரியாது. இதற்குத் தீர்வு எவ்வளவு எளிது என்றால், 1966 மஸ்டாங்கின் விளக்கு 7 அங்குல வட்டம். அம்பாசடருக்கும் ஜீப்புக்கும் இருக்கும் அதே அளவு. லாரிகளை நம்பி வாழும் நம் ஊரில் எந்த உதிரிபாகக் கடையிலும் நம் சாலைக்குரிய விளக்கு கிடைக்கும். கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. புதிய வண்டிகளில் இது இவ்வளவு எளிதல்ல.

அடுத்தது இண்டிகேட்டர். அந்தக் கால அமெரிக்க வண்டிகள் பலவற்றில் பின்னால் மஞ்சள் விளக்கு கிடையாது. பிரேக்குக்கு எரியும் அதே சிவப்பு விளக்குதான் திரும்பும்போது கண் சிமிட்டும். பின்னால் வரும் பஸ் ஓட்டுநர் அதைப் பிரேக் என்றே நினைப்பார். பம்பருக்குக் கீழே தனியாக மஞ்சள் இண்டிகேட்டர் பொருத்தியிருக்கிறேன். வெளிக் கண்ணாடியும் அப்படியே: 1966இல் இடப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம் மட்டும் ஒன்றுதான் கொடுத்தார்கள். நம்மை முந்தும் வண்டி எல்லாம் வலப்பக்கம் வருகிறது. அந்தப் பக்கம் கண்ணாடியே இல்லை! வலப்பக்கம் ஒன்று பூட்டாமல் வண்டியை வாசலைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது.

பிரேக் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். இது இடம் வலம் என்ற பிரச்சினை அல்ல என்றாலும், ஏற்காட்டில் உயிர்ப் பிரச்சினை. 1966 மாடலில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய். ஒரு குழாய் விட்டால் நான்கும் போய்விடும். 1967 மாடலில்தான் இரட்டைச் சுற்று வந்தது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன் சக்கரத்துக்கு டிஸ்க் வேண்டுமானால் அந்தக் காலத்திலேயே கூடுதல் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இறக்கத்தில் டிரம் சூடேறினால் மிதி கல்லாக இருக்கும், வண்டி நிற்காது. அதனால் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் முன் டிஸ்க்கும் போட்ட பிறகே மலைக்குக் கொண்டுபோனேன். ஆர்.சி.யில் உள்ள எந்த விவரமும் இதனால் மாறவில்லை. இருந்தும் இறங்கும்போது தாழ்ந்த கியரில் பூட்டித்தான் இறங்குவேன்.

இனி மலைப்பாதை. மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி, கோரிமேடு கடந்து அடிவாரம் வரை பெரிய தொல்லையில்லை. மேலே போகப் போகத்தான் இடப்பக்க ஸ்டீயரிங்கின் குணம் தெரியும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் ஓட்டுநர் வளைவின் உள்விளிம்பில் இருக்கிறார். பாறை மறைக்கும், எதிரே வருவது தாமதமாகத்தான் தெரியும். வலப்பக்கம் திரும்பும்போது வெளிவிளிம்பில் இருக்கிறார். வலப்பக்க ஸ்டீயரிங்காரருக்குத் தெரியாத தூரம்கூட அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் பள்ளம் பக்கம் மாறும். பள்ளம் இடப்பக்கம் இருக்கும் நீட்டத்தில் தடுப்புச்சுவர் முழங்கைக்குக் கீழேயே இருக்கிறது. எவ்வளவு ஒதுங்கலாம் என்பதைக் கண்ணாலேயே அளக்கலாம். எதிரே பஸ் வரும்போது கடைசி அரையடிவரை ஒதுங்கி வழிவிடும் துணிச்சல் எனக்கு இந்த வண்டியில்தான் வருகிறது.

முந்துவது மட்டும் முடியவே முடியாது. முன்னால் லாரி போனால் என் கண்ணுக்கு அதன் பின்கதவும் இடப்பக்க ஓரமும் மட்டுமே தெரியும். எதிரே பார்க்க வேண்டுமானால் வண்டியின் முழு அகலமும் எதிர்த் தடத்துக்குள் போயாக வேண்டும். அதனால் மலைப்பாதையில் நான் யாரையும் முந்துவதில்லை. ஏற்காட்டில் யாருமே முந்த வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. வலப்பக்க ஸ்டீயரிங் வைத்திருப்பவர்களும் வளைவில் முந்தும்போது எதிரே இருப்பதை முழுதாகப் பார்ப்பதில்லை, பார்ப்பதாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை இந்த வண்டி எனக்குத் தருவதில்லை. அதற்காகவே அதை மதிக்கிறேன்.

சமவெளியில், நான்குவழிச் சாலையில், முந்தித்தான் ஆக வேண்டும். அங்கே வலப்பக்க இருக்கையில் இருப்பவர்தான் கண். எனக்கு அந்தக் கண் என் தாய்மாமா. சங்ககிரிக்காரர், வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர், அதற்கு முன் கிளீனர். கிளீனர் இடப்பக்கம் எட்டிப் பார்த்து ஓட்டுநருக்குக் குரல் கொடுப்பது நம் பகுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமா அதே வேலையை வலப்பக்கம் இருந்து செய்கிறார். அவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: "நான் 'வா' என்று சொன்னால் மட்டும் வா. நான் பேசாமல் இருந்தால் அது 'இரு' என்று அர்த்தம், மாப்பிள்ளை." பேசாமை சம்மதமாகிவிடக் கூடாது என்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! இடப்பக்க ஸ்டீயரிங் வாங்குபவர் முதலில் தேட வேண்டியது மெக்கானிக்கை அல்ல, இப்படி ஒருவரை. தனியாக நெடுஞ்சாலையில் இந்த வண்டியை எடுப்பதில்லை. சுங்கச்சாவடியில் வலப்பக்கம் எட்டிப் பணம் கொடுக்கும் கவலை மட்டும் ஃபாஸ்டேக் வந்தபிறகு குறைந்தது.

புதிய கார்வெட்டோ கமாரோவோ இடப்பக்க ஸ்டீயரிங்கில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து விலகிவிடுங்கள். தனிநபர் இறக்குமதி விதி தெளிவானது: வலப்பக்க ஸ்டீயரிங், கிலோமீட்டரில் வேகமானி, இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்ற ஹெட்லைட் மூன்றும் வேண்டும். ஏற்கெனவே ஓட்டிய கார் என்றால் மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. சுற்றுலாவுக்குக் கார்னே ஆவணத்தில் வரும் வண்டி குறித்த காலத்துக்குள் திரும்பப் போக வேண்டியது, விற்க உரிமையில்லை. 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாகக் கடத்தப்பட்ட கார்களைத் தேடிக் கேரளாவில் சுங்கத்துறை சோதனை நடத்தியதைப் படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட வண்டி உங்கள் வீட்டு வாசலில் நின்றால் போகப் போவது உங்கள் பணம்தான்.

பழைய மஸ்டாங் வாங்குபவர்கள் சேசிஸ் எண்ணை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். முதல் இலக்கம் 6 என்றால் 1966. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹோசே, டி (T) மெட்டுச்சன். 07 மூடிய கூரை, 08 திறந்த கூரை, 09 கூரை பின்னோக்கிச் சரியும் ஃபாஸ்ட்பேக். அடுத்து என்ஜின்: ஏ, சி, கே மூன்றும் வி8, டி (T) ஆறு சிலிண்டர். ஆறு சிலிண்டரை வி8 ஆக்கி விற்பது உலகெங்கும் உண்டு. எண், ஆர்.சி., வண்டி மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

செலவையும் கணக்கிடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி, 20 ஆண்டு கடந்த இறக்குமதிக் காருக்குப் பதிவு புதுப்பிக்க 80,000 ரூபாய். 50 ஆண்டு கடந்ததை 2021 விதிப்படி 'விஏ' எண்ணில் பழம்வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அதை அன்றாடம் ஓட்டக் கூடாது. ஓட்டுவதற்காகவே வாங்கியவன் என்பதால் நான் பழைய பதிவிலேயே இருக்கிறேன்.

சேலம், நாமக்கல் பக்கம் யாராவது இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியைப் பட்டறையில் விட்டு வெட்டப் போகிறீர்கள் என்றால், வெட்டுவதற்கு முன் ஒரு செய்தி அனுப்புங்கள். கோடை விழாக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, விடியற்காலையில் உங்களை மாமாவின் இருக்கையில் உட்காரவைத்து ஏற்காடு கூட்டிப்போகிறேன். "வா", "இரு" சொல்வது எப்படி என்று அவரே சொல்லித்தருவார்.